தமிழ் மார்க்கில் வந்த முதல் ரேங்க்

கடலூரில் நான் படித்த பள்ளியில் ஒன்றிரண்டு மார்க்கில் ரேங்க் மாறிவிடும். பிளஸ் டூவில் முதல் ரேங்க் எனக்குத்தான். தமிழும் ஆங்கிலமும்தான் என்னை மேலே தூக்கின என்பதை வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. பொறியியல் கட்-ஆஃபுக்கு அவை கணக்கில் வராது. கவுன்சிலிங்கில் சென்னைக் கல்லூரி எதுவும் கிடைக்காமல் சிதம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இடம் வந்தது.

சேர்க்கை வரிசையில் எனக்கும் அப்பாவுக்கும் முன்னால் என் வகுப்புத் தோழி அவளுடைய அப்பாவோடு நின்றிருந்தாள். வகுப்பில் அவள் பதினெட்டாவது ரேங்க். இங்கே எனக்குக் கிடைத்த அதே பிரிவு அவளுக்கும். முன்பு பெற்றோர் கூட்டத்தில் என் அப்பா அவரிடம், "உங்க பொண்ண எங்க பொண்ணோட உக்காந்து படிக்கச் சொல்லுங்க, கொஞ்சமாவது ஏறும்" என்று சொல்லியிருந்தார். நானும் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றேன்.

தோழியின் அப்பா இப்போது அதைக் காட்டிக்கொள்ளவே இல்லை. "நல்லதாப் போச்சு சார். ரெண்டு பேரும் ஒரே பஸ்ல வந்துடுவாங்க" என்றார். அப்பா தரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

"நீயும் இங்கதானா? எனக்குப் பயமே போயிடுச்சு" என்று தோழி என் கையைப் பிடித்தாள். உண்மையாகவே அவளுக்குச் சந்தோஷம். எனக்கு முகம் எரிந்தது. சான்றிதழைத் தேடுவதுபோல் கையை உருவிக்கொண்டு பைக்குள் குனிந்தேன்.