பனியில் நான் அழித்த ஆள்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மழைக்கால மதியம். ரங்கூனில் பபேடான் பக்கம் ஒரு போட்டோக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போதும் அங்கேதான். பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம் போக, வெளிநாட்டுப் பனிச்சறுக்குப் பத்திரிகை ஒன்றுக்குப் படங்களைச் சுத்தம் செய்து அனுப்பும் வேலையும் கடைக்கு வந்தது. பனியை நான் ஐஸ்பெட்டிக்குள் பார்த்ததோடு சரி. ஆனாலும் மாதத்துக்கு நாற்பது ஐம்பது மலைகளைத் துடைத்துக் கொடுப்பேன்.

அவர்கள் சொன்ன விதி எளிது. படத்தில் ஒருவர் மட்டும் பறந்து வர வேண்டும். வரிசையில் நிற்பவர்கள், விழுந்து கிடப்பவர்கள், தொப்பை, பழைய கோட்டு எல்லாம் போய்விட வேண்டும். வாசகர்கள் அனுப்பும் படங்களுக்கென்று ஒரு பக்கம் உண்டு. அதற்கும் இதே விதிதான். பெயர் வாசகர் பக்கம், ஆனால் வாசகர் மாதிரி யாரும் அதில் இருக்கக் கூடாது. நான் இதைப் பற்றியெல்லாம் யோசித்ததில்லை. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் சாப்பிடுகிறவரை அழித்துப் பழகிய கைக்கு இது ஒரு வேலையா?

அன்று வந்த மின்னஞ்சல் நான் துடைத்த ஒரு படத்தைப் பற்றியது. ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் சரிவில் இறங்கி வருவார். அவருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி, ஆரஞ்சு மேல்சட்டை போட்ட ஒரு ஆள் ஏதோ கத்திக்கொண்டே வருவார். படத்தைக் கெடுக்கிறாரே என்று அந்த ஆளை எடுத்துவிட்டுப் பனியை நிரப்பியிருந்தேன். நன்றாகவே நிரப்பியிருந்தேன்.

அச்சடிக்கும் முன்பே வாசகர் பக்கத்தை அந்தப் பெண்ணுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவருக்குக் கண் தெரியாது. மகள் பார்த்து, அம்மா, நீ மட்டும்தான் இருக்கிறாய் என்று சொல்லியிருக்கிறாள். பின்னால் வந்தவர் அவருடைய கணவர். இடது, வலது, நில் என்று அவர் கத்துவதைக் கேட்டுத்தான் இந்த அம்மா மலையிறங்குவார். கணவருக்கு முழங்கால் போய்விட்டதால் இருவரும் சேர்ந்து இறங்கியது அதுதான் கடைசியாம். ‘அந்த மலையில் நான் ஒரு நாளும் தனியாக இருந்ததில்லை’ என்று எழுதியிருந்தார். நான்கு மணிக்குள் சரிசெய்து அனுப்பாவிட்டால் அப்படியே அச்சாகிவிடும் என்று பத்திரிகையிலிருந்து ஒரு வரி சேர்த்திருந்தார்கள்.

கைபேசியில் அதைப் படித்ததும் வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. அப்போது மணி மூன்று. எங்கள் தெருவுக்கு அன்று கரண்ட் ஐந்து மணிக்குத்தான். கரண்டை நாங்கள் பர்மியில் ‘மீ’ என்போம். கடை பேட்டரியில் பாஸ்போர்ட் படம் அடிக்கிற பிரிண்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். முதலாளியிடம் சொன்னேன்.

“விடு தம்பி. அவங்க சொன்னதத்தானே செஞ்சோம். பனியில ஒரு ஆளு இருந்தா என்ன, ரெண்டு ஆளு இருந்தா என்ன.”

“அந்த அம்மாவுக்குக் கண்ணு தெரியாது அண்ணே. நான் அழிச்சது அவங்க வீட்டுக்காரர.”

முதலாளி பிரிண்டர் ஒயரைப் பிடுங்கி என் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார். “மீ வந்தப்பறம் வாங்க” என்று காத்திருந்தவர்களிடம் சொல்லிவிட்டு, அவர்கள் முணுமுணுப்பையும் அவரே வாங்கிக்கொண்டார்.

மூலப் படத்தின் மேலேயே நான் சேமித்துத் தொலைத்திருந்தேன். பழைய மின்னஞ்சலைத் தேடி மறுபடி இறக்க அரைமணி நேரம் ஆனது. கணவர் வாயைத் திறந்தபடி திரும்பி வந்தார். இனி மற்றவர்களைத் துடைக்க வேண்டும். ஓரத்தில் ஒரு குண்டு மனிதர் மல்லாந்து விழுந்து கிடந்தார். அவரிடம் போனதும் கை நின்றுவிட்டது. யாருக்கு யார் வேண்டியவர் என்று எனக்கு என்ன தெரியும்? யாரையும் தொடாமல் அப்படியே அனுப்பினேன். நாலாக ஏழு நிமிடம் இருந்தது.

அச்சான பக்கத்தைப் பிறகு பார்த்தேன். கணவர் இருந்தார். குண்டு மனிதரை அவர்களே வெட்டியிருந்தார்கள். இனி விதிப்படி சுத்தம் செய்து அனுப்பவும் என்று எனக்கு ஒரு குட்டும் வந்தது. அந்த அம்மாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அழித்தவன் யார் என்று அவருக்குத் தெரியாதே.

பகோடாவில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து, பின்னால் நிற்கிற கூட்டத்தை எடுத்துவிடச் சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. எடுத்துக் கொடுக்கத்தான் செய்கிறேன், சோறு அதில்தானே. ஆனால் ஒவ்வொருவரையும் அழிக்கும் முன், அவர் யாரையாவது கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாரா என்று முகத்தை ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிடுகிறேன்.