பின்கேட்டுக்குப் போன எல் போர்டு வண்டி

கிளட்ச் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய லைசென்ஸில் மட்டும்தான் இருந்தது. டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கிளட்ச்ச மிதிங்க, கிளட்ச்ச மிதிங்க" என்று வருஷக்கணக்கில் கத்தியதில் ஊருக்கே அவர் கிளட்ச் அக்கா ஆகிவிட்டார். அந்தப் பக்கத்து சீட்டில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. "வீட்டுலயும் இப்படி ஒண்ணு இருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்" என்பார், கணவரை நினைத்துக்கொண்டு. கணவர் தையல்காரர். வாயில் ஊசியைக் கவ்வியிருக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பேசிக்கொண்டிருப்பார்.

கடைத்தெரு சுகாதார நிலையத்து நர்ஸ் ஒருத்தி அக்காவிடம் வண்டி கற்றுக்கொள்ள வந்தாள். அவள் கிளட்சை விட்டால் கார் தவளை மாதிரி தாவும். "ஏம்மா உனக்கு இந்த வீம்பு?" என்று கேட்டதற்குக் காரணம் சொன்னாள். ஹெபடைடிஸ் சி என்று ஒரு கிருமி. சத்தம் போடாமல் உள்ளே இருந்து ஈரலை அரித்துவிடும். முன்பெல்லாம் அதற்கு ஊரின் அந்தக் கோடியிலிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். ரத்தம் கொடுக்க ஒரு நாள், ரிசல்ட் வாங்க ஒரு நாள், மாத்திரைக்கு ஒரு நாள் என்று அலைந்து பாதிப்பேர் நடுவழியிலேயே விட்டுவிடுவார்கள். இப்போது எல்லாமே கடைத்தெரு நிலையத்திலேயே, காசில்லாமல். ஆனால் ஜனங்கள் வந்தால்தானே? நாமே வீடு தேடிப் போகலாம் என்று ஒரு வேன் கொடுத்திருக்கிறார்கள். டிரைவர்தான் கொடுக்கவில்லை.

"அக்கா, உங்களுக்கு எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்காங்களா?" என்று சிக்னலில் நிற்கும்போது கேட்டாள்.

"சின்னவன் பொறந்தப்போ ரெண்டு பாட்டில் ஏத்துனாங்க. ஏன்?"

"அப்போல்லாம் சரியா சோதிக்காமயே ஏத்தியிருக்கலாம். வெரல்ல சின்னதா ஒரு குத்து, பார்த்துடலாமா?"

"மொதல்ல கியரப் போடு தாயே. பின்னாடி லாரிக்காரன் குத்திடப் போறான்."

பயிற்சி மைதானத்து மரநிழலில் காரை நிறுத்தி, அக்கா கேலியாகத்தான் விரலை நீட்டினார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்னப் பட்டையில் இரண்டு கோடு விழுந்தது. கிருமி இன்னும் இருக்கிறதா, வந்துவிட்டுப் போன தடமா என்று பார்க்க ரத்தம் எடுத்தாள் நர்ஸ். இருந்தது.

"நான் உனக்கு கியர் சொல்லிக்குடுத்தேன், நீ எனக்கு வியாதி சொல்லிக்குடுத்துட்டியேடி!" என்று கத்தினார் அக்கா.

அன்றிலிருந்து வீட்டில் தன் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தார். டம்ளரில் நகப்பூச்சால் ஒரு புள்ளியும் வைத்தார். மறுநாள் காலையில் கணவர் சாவகாசமாக அதே டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அது என் டம்ளரு."

"புள்ளியப் பார்த்துத்தான் எடுத்தேன்."

"தெரிஞ்சே குடிக்கிறீங்களா?"

"ரத்தத்தோட ரத்தம் கலந்தாத்தான் ஒட்டும்னு நர்ஸம்மா சொன்னாங்கல்ல? டீயில ஒட்டாது. இத்தன வருஷமா உன் வாய்க்கே தாக்குப் பிடிச்சவன், உன் டம்ளருக்கா பயப்படுவேன்?"

அக்கா அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெங்காயம் எதுவும் அன்றைக்கு அங்கே நறுக்கப்படவில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சோதித்தார்கள், யாருக்கும் இல்லை. நாளெல்லாம் ஊசியோடு குடித்தனம் நடத்தும் தையல்காரர், நர்ஸின் ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டதை மட்டும் அக்கா ஊர் முழுக்கச் சொல்லி முடித்தார்.

மாத்திரை தினம் ஒன்று, மூன்று மாதம். பழைய காலத்து வைத்தியம் மாதக்கணக்கில் ஊசி போட்டு ஆளை உலுக்கி எடுத்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்த அக்கா, முதல் மாத்திரையை விழுங்கிவிட்டு மலை இடியும் என்று காத்திருந்தார். லேசாகத் தலை வலித்தது, அவ்வளவுதான். அன்றைய மாணவன் மூன்று முறை வேலியை இடித்திருந்ததால் அந்தத் தலைவலியையும் மாத்திரை மேல் போட முடியவில்லை. மருந்து முடிந்து இன்னொரு மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தார்கள். கிருமி இல்லை. செய்தி போனில் வந்தபோது அக்கா மைதானத்தில் காருக்குள் தனியாக இருந்தார். ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்து அழுதார். நெற்றி ஹாரனில் பட்டு ஊரே திரும்பிப் பார்த்தது.

ஹாரன் சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களில் சலூன்காரரும் ஒருவர். விஷயத்தை அக்கா மறைக்கவில்லை. மறுநாள் சலூன்காரர் டிரைவிங் ஸ்கூல் வாசலில் வந்து நின்று காலால் தரையைக் கீறினார்.

"அக்கா... எனக்கும் அதுதான். பெரியாஸ்பத்திரியில எப்பவோ சொன்னாங்க. அலைய முடியல, விட்டுட்டேன்."

"இதோ கூப்பிடு தூரத்துல மாத்திர தர்றாங்களேப்பா!"

"எப்படிப் போறது? வாசலுக்கு எதிர்லயே டீக்கடை. பார்த்தா ஒரு பய தலையக் குடுப்பானா? ஆளுக்கொரு புது பிளேடு போடுறேன், ஆனா அதை யாருக்கா கேக்கப்போறாங்க?"

அக்கா யோசித்தார். சுகாதார நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு கேட் உண்டு. உள்ளே அகலமான முற்றம். "உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாதுக்கா."

"ரொம்ப நல்லதாப் போச்சு. ஏறு."

அப்படித் தொடங்கியதுதான் அந்தப் போக்குவரத்து. எல் போர்டு மாட்டிய கார் பின்கேட் வழியாக நுழையும். ரிவர்ஸ் பழகுகிறார்கள் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். உள்ளே ரத்தம் எடுப்பார்கள், மாத்திரை வாங்குவார்கள். சலூன்காரரைத் தொடர்ந்து ஒரு வெல்டர் வந்தார், காய்கறிக்காரம்மா வந்தார், கணவனுக்குத் தெரியாமல் ஒரு டீச்சரும், டீச்சருக்குத் தெரியாமல் அவர் கணவரும் வந்தார்கள். அந்த இருவரையும் வேறு வேறு கிழமையில் ஏற்றிப்போவதற்குள் அக்காவுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. கடைசியில், "ஒரே வண்டியில சேர்ந்தே வாங்க, எனக்குப் பெட்ரோல் மிச்சம்" என்று போட்டு உடைத்தார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து முழித்த முழி இருக்கிறதே!

"இந்த அக்காகிட்ட கத்துக்கிறவனுக்கு ஆறு மாசமானாலும் ரிவர்ஸ் வராதுப்பா" என்று டீக்கடையில் பேச்சு எழுந்தது. அக்காவின் தொழில் மானம் கப்பலேறியது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் வந்தார் பிரேக் இன்ஸ்பெக்டர். லைசென்ஸுக்கு ஓட்டிக்காட்டுகிறவர்களைச் சோதிக்கும் அதிகாரி; சிரித்ததை யாரும் பார்த்ததில்லை. குரலைத் தாழ்த்தி, "எனக்கும் கொஞ்சம் ரிவர்ஸ் பழகணும்" என்றார்.

அக்காவுக்குப் புரிந்தது. சிரிப்பை அடக்கியதில் விக்கல் வந்தது. "சார், ஊருக்கே லைசென்ஸ் குடுக்குற நீங்க எல் போர்டு வண்டியில உக்காந்தா வியாதியவிட பெரிய கேள்வி வரும் சார்."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"முன்வாசல் இருக்குல்ல சார்."

மறுநாள் அவர் முன்வாசல் வழியாகப் போனார், தலையில் ஹெல்மெட்டோடு. கண்ணாடியை இழுத்துவிட்டிருந்தார். ஆனால் அந்தத் தொந்தியையும் அந்த நடையையும் எந்த ஹெல்மெட் மறைக்கும்? "சார், இங்க என்ன சார்?" என்று டீக்கடையே எழுந்து நின்றது. மனிதர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

எதிர்ச்சாரி சலூனிலிருந்து இதைப் பார்த்த சலூன்காரர், பாதி முகத்தில் சோப்போடு இருந்த வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார். அக்கா காரிலிருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கால் தானாகவே பிரேக்கைத் தேடியது.

"வாங்க சார், நானும் உள்ளதான் போறேன்" என்றார் சலூன்காரர், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஈரல்ல கிருமி இருந்துச்சு. மூணு மாசம் மாத்திர சாப்பிட்டேன். போயிடுச்சான்னு பார்க்க இன்னைக்கு ரத்தம் குடுக்கணும்."

டீக்கடைக் கூட்டத்திலிருந்து வெல்டர் முன்னால் வந்து, "எனக்கும்தான்யா. அந்த ரிவர்ஸ் கதையெல்லாம் பொய்" என்றார்.

ஒரே நாளில் ஊர் திருந்திவிடவில்லை. சலூனுக்கு வருகிறவர்கள் கொஞ்ச காலம் குறைந்தார்கள். வேறு கடைக்குப் போனவர்களின் கிருதா ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் கிடந்தது. ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், வந்த கையோடு தங்களுக்கும் சோதிக்கலாமா என்று காதோரம் கேட்டார்கள். நர்ஸ் லைசென்ஸ் வாங்கி வேனில் வீதி வீதியாகப் போனாள். சலூன்காரரின் ரத்தத்தில் கிருமி இல்லை. இன்ஸ்பெக்டருக்கும் மாத்திரை முடிந்து நல்ல சேதி வந்தது.

அதற்கப்புறம் சலூன்காரர் நிஜமாகவே லைசென்ஸுக்கு ஓட்டிக்காட்டப் போனார். ரிவர்ஸில் கம்பம் ஒன்றைச் சாய்த்தார். இன்ஸ்பெக்டர் ஃபெயில் போட்டார்.

"சார், அன்னைக்கு நடுத்தெருவுல உங்களுக்காக நான்..."

"அதுக்கு நன்றி. கம்பத்துக்கு ஃபெயில்" என்றவர் சிரித்துவிட்டார். மைதானமே பார்த்தது.

அக்கா இறங்கி வந்து சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தி வைத்தார். "ஏறுப்பா" என்றார் சலூன்காரரிடம். "இப்பவாச்சும் பாடத்தைக் கவனி."