கவரைப்பேட்டையில் ஒரு போர்ஷன்

எனக்கு உறவுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. காக்களூரைத் தாண்டி நான் வளர்ந்த குழந்தைகள் இல்லத்தில் கண்காணிப்பாளரை அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். கேட்டில் உட்கார்ந்திருந்த காவலாளி தாத்தா. சமையல் செய்கிறவர் பெரியம்மா. என்னைவிட உயரமாக இருந்த அத்தனை பேரும் அக்கா. இவ்வளவு பெரிய குடும்பத்தில் ஒரே ஒரு அக்கா மட்டும் என்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவள். பெற்றவள் போய்ச் சேர்ந்து, அப்பா எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாமல் போனபோது, என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்த கேட்டுக்குள் நுழைந்தவள் அவள்தானாம். எனக்கு நினைவில்லை.

நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது அக்காவுக்குப் பதினெட்டு முடிந்தது. முடிந்தால் புறப்பட வேண்டும். நேற்றுவரை குழந்தை, இன்று காலையிலிருந்து பெரியவள், அதுதான் சட்டம். புறப்படுகிறவர்களுக்கு ஒரு பக்கெட், ஒரு போர்வை, ஒரு குக்கர் கொடுத்து, எல்லோரையும் நிற்கவைத்து போட்டோ எடுத்து வழியனுப்புவார்கள். பதினெட்டு முடிந்த பெண்களுக்கென்று வெளியூரில் வேறொரு இல்லம் உண்டு. அக்கா அங்கே போக மாட்டேன் என்றாள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை ஒன்று காண்ட்ராக்டில் கிடைத்திருந்தது. அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான், தங்கையை என்னோடு அனுப்புங்கள்.

கண்காணிப்பாளர் அம்மா நல்லவர். தனியாக ஒரு வாடகை வீடு, அதற்கு ஒரு விலாசம், பூட்டுகிற மாதிரி ஒரு கதவு, இவ்வளவும் இருந்தால் நானே மேலே பேசி அனுப்பிவைக்கிறேன், இல்லையென்றால் என் கையில் எதுவும் இல்லை என்று சொல்லியிருந்தார். இந்த விஷயம் என்னைத் தவிர இல்லத்தில் எல்லோருக்கும் தெரியும். கிடைக்காமல் போனால் சின்னது ஏங்கிப்போகும் என்று அக்கா என்னிடம் மூச்சு விடவில்லை.

முதலில் அவள் தனியாகத்தான் தேடினாள். கும்மிடிப்பூண்டியில் வாடகைக்கு வீடு இல்லாத தெரு கிடையாது. ஓர் அறையில் எட்டுப் பையன்கள் படுத்து எழுந்து ஷிப்டுக்கு ஓடுகிற ஊர் அது. தனியாக வந்த பெண்ணுக்கு மட்டும் எல்லா வீடும் நேற்றுதான் போய்விட்டிருந்தது. ஒருவர், நீங்கள் என்ன ஆளுங்க என்று கேட்டாராம். தெரியாது என்றாளாம். மறைக்கிறாள் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டார். அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. இன்னொருவர், அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா, பேசலாம் என்றாராம். பேசலாம்தான்.

அப்போதுதான் சமையல் பெரியம்மா ஒரு யோசனை சொன்னார். குடும்பமாகப் போனால் கொடுப்பார்கள், நான் வருகிறேன் என்றார். அவருக்குப் பொய் சொல்கிற உறுத்தலே இல்லை. எங்களுக்கு அவர் பெரியம்மாதானே, அதில் பொய் எங்கே இருக்கிறது. சின்னதையும் கூட்டிப்போனால் இன்னும் பொருத்தமாக இருக்கும் என்றதும் அவர்தான். எனக்கு எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிவிட்டு, ஒரே ஒரு புத்தி சொன்னார்.

“அங்க வந்து ஹோம்னு வாயத் தொறந்த, தோல உரிச்சிடுவேன், ஆமா.”

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்த எனக்கு, தோலை உரித்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று நான் கேட்கவே இல்லை. வெளியே போகிறோம், அது போதாதா.

கும்மிடிப்பூண்டிக்கு முந்தின ஸ்டேஷன் கவரைப்பேட்டை, அதற்குப் பின்னால் ஒரு தெரு. முன்கட்டில் வீட்டுக்கார அம்மா இருந்தார், பின்கட்டில் இரண்டு போர்ஷன். ஒன்று காலி. உள்ளே ஒரு அறை, மூலையில் சமையல் மேடை, சுவரில் ஒரு அலமாரி. அக்கா அலமாரியின் கதவைத் திறந்து மூடினாள், மறுபடி திறந்து மூடினாள். குழாயைத் திறந்து தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தாள். உப்புத்தான். நல்ல தண்ணி என்று சொன்னாள்.

வீட்டுக்கார அம்மாவுக்கு எங்களைப் பிடித்துவிட்டது. பெரியம்மாவும் அவரும் அரிசி விலையிலிருந்து முட்டிவலி வரைக்கும் பேசித் தீர்த்தார்கள். பெற்றவள் இல்லை, தகப்பன் வெளியூரில் வேலை, நான்தான் வந்து போய்ப் பார்த்துக்கொள்வேன் என்று பெரியம்மா பாதி நிஜமும் பாதி கற்பனையுமாகக் கலந்து கொடுத்ததை அவர் உச்சுக்கொட்டிக் கேட்டார். வெள்ளிக்கிழமை நல்ல நாள், பால் காய்ச்சிவிடுங்கள் என்று அவரே சொன்னார். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் பிடி இறுகி வலித்தது, உதறிக்கொண்டேன்.

கோயில் பிரசாதம் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று உட்காரவைத்தார். மூன்று தட்டு வந்தது. நெய் மிதக்கிற சர்க்கரைப் பொங்கல், மேலே முந்திரி. தட்டில் பொங்கல் விழுந்தது.

யார் முதலில் எழுந்தோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்காவும் நானும் எழுந்து நின்றோம். கண்ணை மூடிக் கை கூப்பினோம். இல்லத்தில் யாராவது பிறந்தநாளுக்கோ திதிக்கோ சாப்பாடு போட்டால் சொல்லுவோமே, அதை ஒரே குரலில் சொன்னோம்.

“இன்று எங்களுக்கு உணவளித்த அன்பு உள்ளமும் அவர்கள் குடும்பத்தாரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ இறைவனை வேண்டுகிறோம். நன்றி, நன்றி, நன்றி.”

கண்ணைத் திறந்தபோது பெரியம்மாவும் கை கூப்பியிருந்தார். வீட்டுக்கார அம்மா கரண்டியோடு அப்படியே நின்றார். அவருக்கு இந்தப் பாட்டு தெரியும். பேரனுடைய பிறந்தநாளைக்கு வருஷாவருஷம் ஏதாவது ஒரு இல்லத்தில் சாப்பாடு போடுகிற புண்ணியவதி அவர். முன்னால் நிற்கவைத்து எத்தனை முறை கேட்டிருப்பார்.

“எந்த ஹோம்மா நீங்க?” என்றார், மெதுவாக.

அவருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் கொடுமை. அழுதுவிட்டார். என் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி வைத்தார், என் வாயைத் தன் முந்தானையால் துடைத்தார். உள்ளே போய்ப் பேத்தியின் பழைய கவுன்கள் இரண்டை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார். பிறகு வாசல்படியில் பெரியம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“நல்ல புள்ளைங்க, பாவம். இன்னா வேணும்னாலும் கேளு, செய்யறேன். ஊட்ட மட்டும் கேக்காத. நாளைக்கு ஒண்ணுன்னா நான் யாராண்ட போயி சொல்லுவேன்?”

பெரியம்மா, நான் இருக்கிறேனே என்றார். வீட்டுக்கார அம்மா அவரைப் பார்த்த பார்வையில் பெரியம்மா ஒரு நொடியில் சமையல்காரராகிவிட்டார். அக்கா கெஞ்சவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, பொங்கல் நல்லா இருந்துச்சும்மா என்று மட்டும் சொன்னாள். அவள் தட்டு அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது கொஞ்சம்தான், சொல்லிவிடுகிறேன். அந்த வாரமே அக்காவின் கட்டில் வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. காண்ட்ராக்டர் காட்டிய ஷெட்டில், நாற்பது பெண்களோடு ஒருத்தியாக அவள் தங்கினாள். மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட்டோடு வருவாள். பிறகு பண்டிகைக்குப் பண்டிகை வந்தாள். காண்ட்ராக்ட் முடிந்ததும் ஷெட்டும் முடிந்தது. ஓசூர் பக்கம் வேலை என்று யாரோடோ போனாள். கொஞ்ச நாள் போன் வந்தது, அப்புறம் அந்த எண்ணில் வேறு யாரோ பேசினார்கள். எனக்கும் பதினெட்டு முடிந்து புறப்பட்ட அன்றுதான் பெரியம்மா எல்லாவற்றையும் சொன்னார். நான் இப்போது கும்மிடிப்பூண்டியில்தான் வேலை செய்கிறேன். அவளைத் தேடாத இடமில்லை. தேடுகிறேன் என்பதைத் தவிர சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

ஆனால் அன்று எனக்கு அது மகத்தான நாள். பஸ் பயணம், வயிறு நிறையப் பொங்கல், இரண்டு கவுன். எப்போதும் தடுக்குகிற ‘நோய்நொடி’யில்கூட நான் தடுக்காமல் சொல்லியிருந்தேன். அதனால்தான் அந்த அம்மா கூடுதலாகப் பொங்கல் வைத்தார் என்று நம்பினேன். திரும்பும்போது, பெரியபாளையம் போகிற பஸ்ஸில் பெரியம்மா தூங்கிவிட்டார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. எதற்கு என்றும் புரியவில்லை. வெகுநேரம் கழித்து அவளே கேட்டாள்.

“அந்த மாதிரி ஒரு ஊட்ல நாம ரெண்டு பேர் மட்டும் இருந்தா உனக்குப் புடிக்குமாடி?”

நான் நன்றாக யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

“அய்ய, வேணாங்க்கா. அங்க டிவி கூட இல்ல. ரெண்டு பேரே குந்திக்கினு இன்னா பண்றது? நம்ம ஹோமே நல்லா கீது.”

அக்கா தாவணி முனையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, ஆமாண்டி, அதுதான் நல்லா இருக்கு என்று சிரித்தாள். அழுகை சட்டென்று நின்றுவிட்டது. நான் சொன்ன ஒரே வார்த்தையில் அக்காவைச் சமாதானப்படுத்திவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. இல்லம் வந்து சேர்ந்ததும் எல்லோரிடமும் அதைத்தான் முதலில் சொன்னேன்.