எல்லாவற்றுக்கும் ஆகிற ரிமோட்

அம்மாவுக்குக் காது மந்தம், முழுச் செவிடு இல்லை. எங்கள் டிவி ஒல்லியானது. அதன் பேச்சு முதுகுப் பக்கமாக வந்து சுவரில் முட்டிக்கொள்ளும். அதனால்தான் பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி ஒரு பொங்கலுக்கு வந்தபோது ஹோம் தியேட்டர் வாங்கி வைத்துவிட்டுப் போனான். கேள்விப்படாத கம்பெனியின் பெட்டி. ஆனால் நல்ல சத்தம். கம்பத்தில் ஆபீஸ் முடித்து நான் அல்லிநகரம் வந்து சேர்கிறவரை அம்மா சீரியல் கேட்பாள், தெருவும் சேர்ந்து கேட்கும்.

போன ஆயுத பூஜைக்கு மறுநாள் அதன் ரிமோட் வேலை செய்யவில்லை. எனக்கு ஆச்சரியமே இல்லை. ஏற்கெனவே ரப்பர் பேண்டில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த ரிமோட் அது. பாட்டரி மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. உள்ளங்கையில் தட்டினால்தான் எழுந்திருக்கும். புது பாட்டரி போட்டேன், தட்டினேன், திட்டினேன். போய்ச் சேர்ந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். பெட்டியில் இருப்பது ஒரே பொத்தான், போடவும் அணைக்கவும். போட்டால் எப்போதும் முணுமுணுப்பில்தான் ஆரம்பிக்கும். கூட்டுவதற்கு ரிமோட் வேண்டும்.

அம்மா டிவி ரிமோட்டை எடுத்து அழுத்தினாள். திரையில் சத்தத்துக்கான கோடு கடைசிவரை போய் நின்றது. கோடு நிறைந்துவிட்டது, பேச்சு கேட்கவில்லை. டிவியின் கோடு வேறு, பெட்டியின் சத்தம் வேறு என்று அவளுக்குச் சொன்னேன். ஒருமுறை சொன்னேன், மறுமுறை கத்தினேன். அதற்குமேல் எனக்குத் தெம்பில்லை. நின்றுகொண்டே பஸ்ஸில் வந்தவளுக்கு வீட்டிலும் தொண்டை கிழிய வேண்டுமென்றால் அலுப்பாகத்தான் இருக்கும். கொஞ்ச நாளாகவே சாப்பிட வா என்பதற்கும் தூங்கு என்பதற்கும் கையைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மா பெட்டிக்குப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். இன்னும் நகர்ந்தாள். ஒருநாள் நான் வந்தபோது டிவி அணைந்திருந்தது, அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். சுருளிப்பட்டியில் மாமா வீட்டுப் பேரனுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். அதற்கும் வரவில்லை என்றாள்.

"காது கேக்காதவ காதுகுத்துக்குப் போயி என்னத்தா செய்ய? நாலு பேரு பேச, நான் பல்லக் காட்டிக்கிட்டு இருக்கவா?"

கூடப் பிறந்த அண்ணன் வீட்டு விசேஷம். அதற்கே போகாதவள் இனி எங்கே போகப் போகிறாள்? எனக்கு பயம் வந்தது. எப்படியாவது ஒரு ரிமோட் வாங்கிவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

தம்பியைக் கேட்டால் போனிலேயே இயக்குகிற மாதிரி ஒன்றைச் சொன்னான். அந்த விலைக்கு வேறு பெட்டியே வாங்கிவிடலாம். தேனி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் முருங்கைக்காய்க் கட்டு மாதிரி ரிமோட்டுகள் தொங்கின. யுனிவர்சல் ரிமோட், எல்லாவற்றுக்கும் ஆகும் என்றார் கடைக்காரர். பொத்தானை அழுத்திப் பிடித்தால் அதுவே நம் பெட்டிக்கான கோட் நம்பரைத் தேடிக்கொள்ளுமாம். பிடித்தேன், விரல்தான் மரத்தது. எல்லாவற்றுக்கும் ஆகிறது எங்கள் வீட்டுக்கு மட்டும் ஆகவில்லை.

மாற்றக் கொண்டுபோனபோது இன்னொரு ரகத்தைக் காட்டினார், கற்றுக்கொள்கிற ரிமோட். பழையதையும் புதியதையும் மூக்கோடு மூக்காக வைத்து, பழையதில் ஒரு பொத்தானை அழுத்தினால் புதியது படித்துக்கொள்ளும். வீட்டில் வைத்து அழுத்தினேன். புதியதில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது, படித்தாயிற்று என்று அர்த்தம். செத்துப்போன ரிமோட் எப்படிப் பாடம் நடத்தும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. படித்த ரிமோட்டைப் பெட்டிக்கு நேரே நீட்டினேன். பெட்டி அசையவில்லை.

அழுகை வந்தது. பெட்டிக்கு முன்னால் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண்ணுக்கு நேரே, பெட்டியின் முகப்பு நடுவில், காய்ந்த சந்தனமும் அதன்மேல் குங்குமமும் இருந்தன.

ஆயுத பூஜைக்கு அம்மா கிரைண்டர், மிக்ஸி, தையல் மெஷின், என் ஸ்கூட்டி எதையும் விடுவதில்லை. பூஜைப் பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிரவேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் தினமும் பெட்டியில் தூசி தட்டிய நானும் பொட்டைச் சுற்றித்தான் தட்டியிருக்கிறேன். ரிமோட்டின் வெளிச்சம் போய் விழ வேண்டிய சின்னக் கறுப்புக் கண்ணாடி அந்தப் பொட்டுக்கு அடியில் இருந்தது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டி, இங்கே ஏன் வைத்தாய் என்று கையாலேயே கேட்டேன்.

"அங்கனதான அதுக்கு நெத்தி இருக்கு."

துடைக்கத் துணியை எடுத்ததும் பதறினாள். பொட்டை அழிப்பது என்றால் அவளுக்கு வேறு அர்த்தம். மூளிப் பெட்டியாக ஒரு நிமிஷம்கூட விடமாட்டாள். முதலில் ஓரத்தில் புதிதாக ஒரு பொட்டு வைத்தாள், அதன்பிறகே நடுவில் இருந்ததை என்னைத் துடைக்கவிட்டாள். நான் பழைய ரிமோட்டையே எடுத்தேன். உள்ளங்கையில் ஒரு தட்டு. கூட்டுகிற பொத்தானை விடாமல் அழுத்தினேன்.

சீரியலில் ஒரு மாமியார் போட்ட சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. அம்மா திடுக்கிட்டு, சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெருவில் ஏசுவார்கள், குறை என்றாள். நான் குறைத்தேன். இன்னும் குறை என்றாள். அந்த மட்டத்திலும் அவளுக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தவள், சுருளிப்பட்டிக்கு என்ன சேலை கட்டலாம் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப எனக்குக் காது போகல. பெறகு நீ பேசுறது மட்டும் ஏன்த்தா கேக்க மாட்டேங்குது?"

பேசினால்தானே கேட்கும்? அதை அவளுக்கு எப்படிச் சொல்ல? அதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும்.