செவ்வாய்க்கிழமை மழை

மழை அளப்பது என் வேலை. ஒரு கையில் அளவு ஜாடி, மறு கையில் ரெஜிஸ்டர், குடை பிடிக்க மூன்றாவது கை கிடையாது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரிக் கட்டத்தை நிரப்பி மாய்கிறவரா நீங்கள்? அப்படியானால் என் இனம்தான்.

காலியில்லாத கட்டம்

திருவண்ணாமலையில் எங்கள் அலுவலக வளாகத்து மழைமானி வெள்ளைக்காரன் காலத்தில் வைத்தது. அப்போதைய ரெஜிஸ்டர் ஒன்று பீரோவில் கிடக்கிறது. அளந்தவரின் பெயர்கூட அதில் இல்லை. ஓரிடத்தில் எழுத்து நடுங்குகிறது. குறிப்பில் 'காய்ச்சல்' என்று இங்கிலீஷில் இருக்கிறது. ஒரு வாரம் கழித்து வேறு கையெழுத்து. பழைய எழுத்து திரும்பவே இல்லை. எனக்கு மனசு கனத்துவிட்டது. கிளார்க் மணியிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆளே போயிட்டாரு, ஒரு கட்டம் காலியா விடல பாருங்க."

ரெண்டு மில்லிமீட்டர்

ஒருநாள் செங்கம் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். எங்கள் மழைமானியில் ரெண்டே மில்லிமீட்டர். மழை தெருவுக்குத் தெரு மாறும் என்று டீக்கடைக்காரரிடம் விளக்கினேன். ஈரப் பெஞ்சைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மழை உங்க டப்பாவ கேட்டுட்டுதான் பெய்யணுமாங்க?"

ஒரு சைபர்

காலை எட்டரைக்கு அளப்பதை அன்றைய தேதியில் எழுதுவது எங்கள் வழக்கம். முந்தின நாள் சாயங்காலம் பெய்ததும் இன்றைய கட்டத்தில்தான் விழும்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அடைமழை. ஊர் ஓரத்தில் மண்சுவர் இடிந்து சாந்தி என்பவரின் கணவர் இறந்துபோனார். மழையால் இறந்தார் என்று நிரூபித்தால்தான் நிவாரணம். செவ்வாய்க்கிழமைக் கணக்கின் நகல் வேண்டும் என்று சாந்தி வந்து நின்றார். எடுத்துக் கொடுத்தேன். அதில் சைபர். மழை புதன்கிழமைக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இத்தனை வருஷப் பழக்கத்தில் இது உலகத்துக்கே தெரியும் என்று நினைத்துவிட்டேன். அன்று மழையே இல்லை என்று தாலுகா ஆபீஸில் அவருடைய நிவாரண மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

மறுபடி வந்தார். புதன்கிழமைக் கட்டத்தைக் காட்டி, எங்கள் வழக்கத்தைச் சொல்லி, விளக்கக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன். கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "அப்போ அவரு செத்ததையும் புதன்கிழமைன்னே எழுதிடறீங்களா?"

அந்த மனு இன்னும் மேசை மேசையாக நகர்கிறது. நானும் தினமும் எட்டரைக்குப் போய், நேற்று கொட்டித் தீர்த்ததற்கு இன்றைய தேதி போட்டுக்கொண்டிருக்கிறேன்.