அப்பா தேடிய முத்திரை

அப்பா இல்லாமல் ஓர் ஆண்டு போய்விட்டது.

குன்னத்தில் அப்பா பிறந்தபோது அவருடைய தகப்பனார் கப்பலேறிப் போய்விட்டிருந்தார். ரங்கூன் என்றார்கள் சிலர், பினாங்கு என்றார்கள் சிலர். கடிதமே வரவில்லை. அவர் அனுப்பியது என்று யார் யாரோ கைமாற்றி ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ் மட்டும் வந்து சேர்ந்தது. தகப்பன் என்று அப்பாவுக்கு இருந்தது அதுதான்.

பருத்திக் காட்டில் கூலிக்குப் போனவர், பிறகு அரியலூரில் ஒரு வெள்ளிக் கடையில் சேர்ந்தார். உருக்க வரும் பழைய சாமான்களைக் கவிழ்த்து, அடியில் செய்த ஊரைக் காட்டும் முத்திரையை லென்ஸ் வைத்துப் பார்ப்பார். திருமானூர்க்காரர் ஒருவர் கொண்டுவந்த கிண்ணத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"சிங்கமும் நங்கூரமும் இருக்குங்க. இங்கிலாந்து பர்மிங்காம்ல செஞ்சது. உருக்கிட்டா போச்சு, வச்சுக்குங்க."

முதலாளி முறைத்ததை அப்பா கண்டுகொள்ளவில்லை.

ஊரார் வெள்ளிக்கெல்லாம் ஊர் சொன்னவரால் தன் வீட்டுச் சிமிழுக்குச் சொல்ல முடியவில்லை. காரணம் நான். சாமி மாடத்தில் இருந்த அதை வெள்ளிக்கிழமைதோறும் விபூதி போட்டுத் தேய்ப்பது என் வேலை. பளபளவென்று இருக்க வேண்டும் என்று அடியையும் விடாமல் வருடக்கணக்கில் தேய்த்தேன். பினாங்கு, சிங்கப்பூர் பக்கத்து வெள்ளியில் சீன எழுத்து அடித்திருக்கும் என்று கடைக்கு வந்த பழம்பொருள் வியாபாரி ஒருவர் சொன்ன அன்று, அப்பா ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து சிமிழைக் கவிழ்த்தார். இரண்டு கோடுகள்தான் மிச்சம். எழுத்தா, கீறலா என்று அவருக்கே தெரியவில்லை.

"நான்தாம்ப்பா தேய்ச்சுட்டேன்" என்று அழுதேன்.

"விடும்மா. சாமிகிட்ட இருக்கறது சுத்தமாத்தான் இருக்கணும். நீ தெரிஞ்சா செஞ்ச?"

திட்டியிருந்தால் தேவலை.

படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் காலையில் சிமிழைக் கேட்டார். "வெளிச்சத்துல புடிச்சுப் பாரும்மா. உன் கண்ணு நல்ல கண்ணு" என்றார்.

பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"பினாங்குப்பா" என்றேன்.

அப்பா சிரித்தார். "முத்திரையப் பாத்துச் சொல்றியா, என்னைப் பாத்துச் சொல்றியா?"

என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனார். நான்காம் நாள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்கு எந்நேரம் கூப்பிட்டாலும் காரெடுத்து வந்த லப்பைக்குடிக்காட்டு நண்பருக்கும், அப்பாவைத் தூக்கி உட்கார வைத்த நர்ஸ் அம்மாவுக்கும், அடுப்பு எரியாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த தெருவாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அப்பா இந்நேரம் தன் தகப்பனாரைக் கண்டுபிடித்திருப்பார் என்று உறவினர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். கண்டுபிடித்திருக்கட்டும். எனக்கு என் அப்பா வேண்டும்.