தையற்காரர் அன்வர் சொன்ன சாட்சி

செவ்வாய்க்கிழமை காலை கிளினிக்குக்கு அன்வரின் தம்பி போன் செய்தார். "அண்ணன் மவுத்தாயிட்டாரு சிஸ்டர்" என்றவர், தயங்கி, "மய்யித்தக் குளிப்பாட்டலாமா? வேணாம்னு சொல்றாங்க" என்றார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. "யார் சொன்னா? கையுறை போட்டுண்டு உடம்பைத் தாராளமாக் குளிப்பாட்டுங்கோ. நானே கொண்டு வரேன்" என்றேன். கையுறைப் பெட்டியோடு ஆட்டோவில் ஏறிய பிறகுதான் அழுதேன்.

அன்வர் தி. நகரில் ஒரு கடையில் ரவிக்கை தைத்தவர். ஆண்களை விரும்பும் ஆண். நண்பர்களிடம் அதை மறைத்ததில்லை. வீட்டிலும் கடையிலும் சொன்னதில்லை. பால்வினை நோய்களுக்கான எங்கள் அடையாறு கிளினிக்குக்கு முதலில் வந்தபோது நர்ஸான என்னைப் பார்த்து, "லேடீஸா கீறீங்களே, வெக்கமா கீது" என்றார். "நீங்க தினம் லேடீஸுக்கு அளவெடுக்கறேளே, அவாள்ளாம் ஓடிப்போயிட்டாளா?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அவருக்கு நான் 'மாமி சிஸ்டர்'.

சில மாதங்களில் அவரே எங்கள் களப்பணியாளர் ஆனார். பூங்காவிலும் கடற்கரையிலும் இளைஞர்களிடம் பேசி, காண்டம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அழைத்து வருவார். அதற்குள் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்துவிட்டது. மருந்து வந்திருப்பதாகப் பத்திரிகையில் படிக்கிறோம். எங்களவர்கள் கைக்கு எட்டும் விலையில் இல்லை. அவருக்கு நோய் இருப்பது டாக்டருக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. "அம்மா கீற வரைக்கும் விஷயம் வெளிய போவக்கூடாது மாமி சிஸ்டர்" என்று கேட்டுக்கொண்டார்.

பிறகு கிளம்பியது அந்த வதந்தி. சுன்னத் ஆனவனை இந்த நோய் அண்டாதாம்! தோல் இறுகி அடிக்கடி புண்ணாகிறவர்களுக்கு எங்கள் டாக்டரே அந்த அறுவை சிகிச்சைக்கு எழுதித் தருவார், அது வேறு. கூட்டத்துக்கு வரும் இளைஞர்களோ அதைத் தடுப்பூசியாகவே நினைத்தார்கள். துணைவர் முஸ்லிம் என்றால் காண்டமே வேண்டாம் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிறு, ஆற்றங்கரைக் குடியிருப்பிலிருந்து வரும் ஆட்டோ ஓட்டுநர் மூர்த்தி, காண்டம் பாக்கெட்டை அன்வர் பக்கமே தள்ளிவிட்டார். இருபத்துமூன்று வயது. "வர்ற வாரம் ஆபரேஷன் பண்ணிக்கினு வந்துடறேன். அப்பால இது இன்னாத்துக்கு?" நான் தொண்டை வற்றக் கத்தினேன். அன்வர் நிதானமாகச் சொன்னார்: "தோலு போனா சுத்தமா வெச்சுக்கறது சுளுவு. ஆனா காண்டம் செய்யற வேலைய அது செய்யாது. அதுவும் வாங்கிக்கறவனுக்கு, அவன் தோலு இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா?"

"உனக்கின்னாண்ணே, சின்ன வயசுலயே முடிச்சுட்டாங்க. நீ தப்பிச்சுக்கினே. நான் தப்பிக்க வாணாமா?" என்றார் மூர்த்தி. அறையே சிரித்தது.

அன்வர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு ஏழு வயசுல சுன்னத் ஆச்சு. தெருவே பிரியாணி துன்னுச்சு. எனக்கும் அந்த நோய் கீது மூர்த்தி. இப்ப சொல்லு, இன்னும் எவ்ளோ வெட்டணும்?"

மூர்த்தி பாக்கெட்டை எடுத்துக்கொண்டார்.

செய்தி அந்த வாரமே கடைக்குப் போயிற்று. முதலாளி வேலையை விட்டு நிறுத்தினார். வீட்டுக்கும் போயிற்று. அந்த அம்மாள் அன்று இரவும் மகனுக்குத் தன் பக்கத்திலேயே தட்டு வைத்தாராம். அதைச் சொல்லும்போதுதான் அன்வர் அழுது பார்த்தேன். தையல் மெஷினைக் கிளினிக் மாடிக்குக் கொண்டுவந்து தைத்தார். எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான் தைத்துக்கொண்டோம். "இப்படிப் போட்டு உடைச்சுட்டேளே" என்று ஒருமுறை திட்டினேன். "ரகசியத்த வெச்சுக்கினு இன்னா பண்றது? அவன் உசுரு கீதே" என்றார். மூர்த்திக்கு இன்றுவரை தொற்று இல்லை. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

தம்பியும் இரண்டு பெரியவர்களும் முறைப்படி குளிப்பாட்டினார்கள். அடக்கம் நடக்கும் கபரஸ்தானுக்குள் பெண்கள் போகும் வழக்கமில்லை; வாசலோடு நான் நின்றுகொண்டேன். மய்யித்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிய தோள்களில் மூர்த்தியுடையதும் ஒன்று.

இந்த ஞாயிறு கூட்டம் நடக்காது என்று நினைத்திருந்தேன். மாடிக்குப் போனால், தையல் மெஷின் பக்கத்தில் மூர்த்தி உட்கார்ந்திருக்கிறார். புதிதாக வந்த ஒருவர், சுன்னத் செய்துகொண்டால் பயமில்லையாமே என்று இழுத்தார்.

"எங்க அன்வர் அண்ணனுக்கு ஏழு வயசுல ஆச்சு மச்சி" என்றார் மூர்த்தி. "குந்து, சொல்றேன்."

நீங்கள் நிம்மதியாகப் புறப்படுங்கள், அன்வர். கூட்டம் ஆரம்பித்துவிட்டது.